எந்த ஆத்தூர்?

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 82-வது தொகுதி ஆத்தூர். அது நம்முடையது, சேலம் மாவட்டம், தனித் தொகுதி. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி வந்தால் 129-வது தொகுதியும் ஆத்தூர். அது திண்டுக்கல் மாவட்டம். 2021 தேர்தலில் நம் ஆத்தூரில் அ.தி.மு.க. ஜெயித்தது. அந்த ஆத்தூரில் தி.மு.க.வின் ஐ. பெரியசாமி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வாக்கு எண்ணும் நாளில் டி.வி.யின் அடியில் ஓடும் எழுத்தில் வெறுமனே "ஆத்தூர்" என்று போட்டால் யார் சந்தோஷப்படுவது, யார் துக்கப்படுவது? போதாததற்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இன்னோர் ஆத்தூர் இருக்கிறது. வெற்றிலைக்குப் பேர்போன ஊர். அந்த வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆங்கிலத்தில் இந்த மூன்று ஊரையும் மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. எழுதினாலும் ஆத்தூர், சொன்னாலும் ஆத்தூர்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்று "ஆத்தூர் வண்டி எங்கேங்க நிக்குது?" என்று கேட்டால் யாரும் "எந்த ஆத்தூர்?" என்று திருப்பிக் கேட்கப்போவதில்லை. அதே கேள்வியைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கேட்டால் உங்களை வேறு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஏறி உட்கார்ந்து டிக்கெட்டும் வாங்கிய பிறகுதான் தெரியும். ஏற்றிவிட்டவர் மேல் குற்றமே கிடையாது. நீங்கள் கேட்டதைத்தான் அவர் செய்தார்.

ஊர்ப்பெயர் மட்டும் எங்கே போதும், முன்னால் மாவட்டத்தை எங்கே சேர்க்க வேண்டும் என்ற இந்தக் கேள்வி, கணினியில் தகவல் சேமித்துவைத்துக் கேள்வி கேட்கிறவர்களுக்குத் தினம் தினம் வருகிறது. நான் அலுவலகக் கணினிப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலைதான் பார்த்தேன். ஆகவே இதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. என் வயதுக்காரர்கள் "இது பேரப்பிள்ளைகள் சமாசாரம்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் ஓய்வூதியம், ரேஷன் கார்டு, பட்டா, மின் இணைப்பு, சங்கத்துக் கடன் எல்லாம் அந்த அட்டவணைகளுக்குள்தான் குடியிருக்கின்றன. அங்கே ஒருவர் பெயரை இன்னொருவர் இடத்தில் எடுத்துவைத்துவிட்டால் அலைவது நாம்தான்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழைய பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு வரி ஓர் ஆளுக்கு. நெடுக்கே ஒவ்வொரு கலமும் ஒரு விவரத்துக்கு: எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர், தேதி. இதைத்தான் கணினியில் டேபிள், அதாவது அட்டவணை என்கிறோம். இப்படி அட்டவணைகளாகவே எல்லாத் தகவலையும் வைத்துக்கொள்ளலாம் என்று 1970-ல் எழுதியவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழியை 1974-ல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வெளியிட்டார்கள். அதற்கு முதலில் வைத்த பெயர் சீக்வெல். அந்தப் பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கெனவே வணிகப் பெயராக வைத்திருந்ததால் சுருக்கி எஸ்.க்யூ.எல். ஆக்கினார்கள். பெயர்க் குழப்பத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மொழியே பெயர்க் குழப்பத்தில் பிறந்திருக்கிறது பாருங்கள். 1986-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு எந்தப் பெரிய அலுவலகத்தில் கணினியைத் திறந்தாலும் உள்ளே அநேகமாக அதுதான் ஓடுகிறது.

அந்த மொழியில் ஒரு கேள்வி எழுதும்போது, அதாவது க்வெரி போடும்போது, ஓர் அட்டவணைக்குத் தற்காலிகமாக ஒரு சின்னப் பெயர் வைத்துக்கொள்ளலாம். "உறுப்பினர் பதிவேடு என்கிற உறு" என்று சொல்லிவிட்டால், அந்தக் கேள்வி முடியும்வரை "உறு" என்றாலே உறுப்பினர் பதிவேடு. உறு புள்ளி பெயர் என்றால் அந்தப் பதிவேட்டில் உள்ள பெயர். கேள்வி முடிந்ததும் அந்தப் பெயரும் போய்விடும். அடுத்த கேள்வியில் செல்லாது. நம் பத்திரங்களில் "ராமசாமி என்கிற சின்னப்பன்" என்று எழுதுகிறோமே, அதற்குக் கிட்டத்தட்டச் சமம். என்ன வித்தியாசம் என்றால், பத்திரத்தில் எழுதிய சின்னப்பன் காலத்துக்கும் சின்னப்பன். இங்கே ஒரு கேள்விக்கு மட்டும்தான். பேச்சு வழக்கில் இதை அலியாஸ் என்பார்கள். நான் மாற்றுப் பெயர் என்றே எழுதுகிறேன். போலீஸ் செய்தியில் வருகிற அலியாஸுக்கு ஒரு கெட்ட வாசனை ஒட்டிக்கொண்டுவிட்டது.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மூன்று முருகன் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார்? கே. முருகன், பி. முருகன், எஸ். முருகன். வீட்டில் அம்மா கூப்பிடும்போது இனிஷியல் எதற்கு? ஒரே முருகன்தானே. என் கருத்தின் பாதி இந்த உதாரணத்திலேயே அடங்கிவிட்டது. ஒரே ஓர் அட்டவணையிடம் கேட்கிற கேள்விக்கு மாற்றுப் பெயர் தேவையில்லை. அங்கேயும் கொண்டுபோய் ஒவ்வொரு கலத்துக்கும் இனிஷியல் ஒட்டுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். படிக்கிறவன் கண்ணுக்கு இடைஞ்சல், வேறு பலன் இல்லை.

மறு பாதிதான் பெரிசு.

எங்கள் காலத்தில் முதலில் வந்தது டிபேஸ். அதில் ஒரே நேரத்தில் பத்துக் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்து இடத்துக்கும் ஏ முதல் ஜே வரை எழுத்துப் பெயர் உண்டு. ஏ என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டுப் பெயர் என்றால் முதல் கோப்பில் உள்ள பெயர். பி அம்புக்குறி பெயர் என்றால் இரண்டாவது. வேண்டுமானால் கோப்பைத் திறக்கும்போதே நாமாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் யார் வைத்தார்கள்? ஏ, பி, சி சும்மா கிடைக்கிறதே! பிறகு ஃபாக்ஸ்ப்ரோ வந்தது, ஆரக்கிள் வந்தது. கோப்புகள் போய் அட்டவணைகள் வந்தன. ஏ, பி, சி மட்டும் போகவில்லை. இன்றைக்கு டிபேஸ் என்ற சொல்லையே கேட்டிராத இருபத்திரண்டு வயதுப் பையன்கூட முதல் அட்டவணைக்கு ஏ, இரண்டாவதற்கு பி என்றுதான் பெயர் வைக்கிறான். யாரோ ஒரு சீனியர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறான். அந்தச் சீனியர் இன்னொரு சீனியரைப் பார்த்து எழுதியிருப்பார். எங்கள் தலைமுறை விட்டுப்போன சொத்துகளில் இது ஒன்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்டால், ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் மரவள்ளி வைக்கிற பெரியவர் ஒருவர். எழுபது தாண்டியவர். தன் பெயரில் ஐந்து காசு கடன் வைக்காதவர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவரும்கூட. ஒரு நாள் காலையில் கையில் ஒரு காகிதத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "ஏங்க சார், நான் வாங்காத கடனுக்கு எனக்கு நோட்டீஸ் வந்திருக்குதுங்க. தவணை தவறியவர்னு எம்பேரு போட்டிருக்குது. போஸ்ட்மேன் டீக்கடையில வச்சுக் குடுத்தாரு. நாலு பேரு பாத்துட்டாங்க" என்றார். குரல் சரியாக வரவில்லை.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு கடன் சங்கத்து நோட்டீஸ். கடன்தாரர் என்ற இடத்தில் இவர் பெயர். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் இவருடைய பங்காளி மகன் பெயர். நடந்தது தலைகீழ். பங்காளி மகன் கடன் வாங்கியிருக்கிறான், இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஜாமீன் போட்டவருக்கும் தகவல் அனுப்புவது முறைதான். ஆனால் "நீர் ஜாமீன் போட்ட கடன் பாக்கி நிற்கிறது" என்பதும் "நீர் வாங்கிய கடன் பாக்கி நிற்கிறது" என்பதும் ஒன்றா? நம் ஊரில் முன்னது வருத்தம், பின்னது அவமானம். பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு.

அந்தச் சங்கத்து மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற இளைஞர் எனக்குத் தெரிந்த பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டேன். இவர் ஒருவருக்கு மட்டுமில்லை, அந்தக் கட்டு நோட்டீஸ் முழுவதுமே அப்படித்தான் போயிருந்தது. மடிக்கணினியைத் திறந்து க்வெரியைக் காட்டினார். கடன் பதிவேடு ஏ. உறுப்பினர் பதிவேடு பி. அதே உறுப்பினர் பதிவேடு இன்னொரு தடவை, சி.

ஒரே பதிவேடு ஏன் இரண்டு தடவை என்று கேட்பீர்கள். கடன் வாங்குகிறவரும் சங்கத்து உறுப்பினர், ஜாமீன் போடுகிறவரும் சங்கத்து உறுப்பினர். கடன் பதிவேட்டில் இருவருடைய உறுப்பினர் எண் மட்டும்தான் இருக்கும். பெயரும் விலாசமும் வேண்டும் என்றால் உறுப்பினர் பதிவேட்டை இரண்டு முறை புரட்ட வேண்டும்: ஒரு முறை கடன்தாரருக்காக, ஒரு முறை ஜாமீன்தாரருக்காக. ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளை மேசையில் விரித்துவைத்த மாதிரி. இந்த இடத்தில் மாற்றுப் பெயர் வைப்பதா வேண்டாமா என்ற விவாதத்துக்கே இடமில்லை. வைக்காவிட்டால் எஸ்.க்யூ.எல். கேள்வியையே ஏற்காது. ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றால் அது யாரை என்று கூப்பிடும்?

அந்த நிரலில் மாற்றுப் பெயர் இருந்தது. இருந்தும் பயன் இல்லாத பெயர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஜாமீன்தாரர் பட்டியலில் பி என்பது ஜாமீன்தாரர், சி என்பது கடன்தாரர். கடன்தாரர் பட்டியலில் பி என்பது கடன்தாரர், சி என்பது ஜாமீன்தாரர். புது நோட்டீஸுக்கு யாரோ ஒருவர் மேல் பாதியை ஒன்றிலிருந்தும் கீழ்ப் பாதியை மற்றொன்றிலிருந்தும் வெட்டி ஒட்டியிருக்கிறார். இரண்டிலும் பி உண்டு, சி உண்டு, இரண்டுக்கும் பெயர் என்ற கலம் உண்டு. கணினிக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மளமளவென்று அச்சடித்துத் தள்ளிவிட்டது. வரிகளின் எண்ணிக்கை சரி, தொகை சரி, வட்டி சரி. ஆள் மட்டும் மாறிப்போனார்.

பி, சி என்பதற்குப் பதில் கடன்தாரர், ஜாமீன்தாரர் என்றே பெயர் வைத்திருந்தால்? ஒட்டினாலும் சரியாகவே ஒட்டியிருக்கும். அப்படியே தவறாக இணைத்திருந்தாலும் "கடன்தாரர் என்ற தலைப்பின் கீழ் ஜாமீன்தாரர் புள்ளி பெயர்" என்று எழுதியிருப்பது, எஸ்.க்யூ.எல். தெரியாத சங்கத்து எழுத்தர் கண்ணில்கூடப் பட்டிருக்கும். ஒரே அட்டவணையை இரண்டு முறை சேர்க்கும்போது அட்டவணையின் பெயரைச் சுருக்கி வைப்பதில் அர்த்தமே இல்லை. உறு1, உறு2 என்பதும் பி, சி என்பதும் ஒன்றுதான். அந்த இடத்தில் அந்த ஆள் என்ன வேஷத்தில் வந்து நிற்கிறாரோ அதுதான் பெயராக வேண்டும். கூத்தில் ஒரே ஆள் முதல் ராத்திரி அர்ச்சுனனாகவும் மறு ராத்திரி துரியோதனனாகவும் கட்டினால், நாம் அவரை வேஷப் பெயர் சொல்லித்தானே பேசுகிறோம்?

இரண்டு வேறு வேறு அட்டவணைகள் வரும்போது என்ன செய்வது? இங்கே என் கட்சி கறாரானது: இரண்டு அட்டவணைக்கு மேல் போனால் எல்லாவற்றுக்கும் மாற்றுப் பெயர் வையுங்கள், ஒவ்வொரு கலத்துக்கும் முன்னால் அதை எழுதுங்கள். குழப்பம் வருகிற கலத்துக்கு மட்டும் எழுதினால் போதாதா என்பார்கள். இன்றைக்குப் போதும். கடன் பதிவேட்டில் தேதி என்ற கலம் இருக்கிறது, உறுப்பினர் பதிவேட்டில் இல்லை. ஆகவே வெறும் தேதி என்று எழுதினால் கடன் தேதிதான் என்று இன்றைக்குக் கணினி புரிந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து யாரோ உறுப்பினர் பதிவேட்டிலும் தேதி என்று ஒரு கலம் சேர்க்கிறார், சேர்ந்த நாளைக் குறிப்பதற்கு. மறுநாள் காலையில் அதுவரை நன்றாக ஓடிய கேள்விகளெல்லாம் "எந்தத் தேதி?" என்று கேட்டு நின்றுவிடும். நிற்பதுகூட நல்லதுதான். நிற்கிறதே, தெரிந்துவிடுகிறதே. நிற்காமல் ஓடுகிற வகை ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

ஓய்வூதியம் பெறுவோர் என்று ஓர் அட்டவணை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓய்வூதிய எண் என்ற கலம். இறந்தோர் பட்டியல் என்று இன்னோர் அட்டவணை. அதைத் தயாரித்தவர் அதே கலத்துக்கு ஓய்வூதிய எண் என்று வைக்காமல் சுருக்கமாக எண் என்று வைத்துவிட்டார். இப்போது ஒருவர் கட்டளை எழுதுகிறார்: ஓய்வூதியம் பெறுவோரில், எவருடைய ஓய்வூதிய எண் "இறந்தோர் பட்டியலில் உள்ள ஓய்வூதிய எண்"களில் இருக்கிறதோ அவர்களை நீக்கு. பார்த்தால் நியாயமான கட்டளை. இறந்தோர் பட்டியலில் அப்படி ஒரு கலமே இல்லையே, கணினி தவறு என்று சொல்லிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சொல்லாது. அடைப்புக்குறிக்குள் இருக்கிற உள்கேள்வியில் ஒரு கலத்தின் பெயர் கிடைக்காவிட்டால் எஸ்.க்யூ.எல். வெளிக்கேள்வியில் போய்த் தேடும். அது மொழியின் விதி, தேவையான விதியும்கூட. வெளியே ஓய்வூதியம் பெறுவோர் அட்டவணையில் ஓய்வூதிய எண் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டுவிடும். அப்போது கட்டளையின் பொருள் என்ன ஆகிறது? "எவருடைய ஓய்வூதிய எண் அவருடைய ஓய்வூதிய எண்ணாகவே இருக்கிறதோ, அவரை நீக்கு." எனக்கு என் எண்தான், உங்களுக்கு உங்கள் எண்தான். இறந்தோர் பட்டியலில் ஒரே ஒருவர் இருந்தால் போதும், உயிரோடு இருக்கிற எண்ணுள்ள அத்தனை பேரும் நீக்கப்பட்டு, "வெற்றிகரமாக முடிந்தது" என்று திரையில் வரும்.

இதை நான் பயமுறுத்துவதற்காகக் கட்டிச் சொல்லவில்லை. பெயர் பெற்ற தரவுத்தளம் எதில் வேண்டுமானாலும், சோதனை அட்டவணை இரண்டு செய்துகொண்டு, முயன்று பார்க்கலாம். சோதனை அட்டவணையில் மட்டும். நான் வகுப்பெடுத்த நாட்களில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே இதைச் செய்துகாட்டிவிடுவேன். வகுப்பில் அந்த ஒரு நிமிடம் விழுகிற நிசப்தம் வேறு எந்தப் பாடத்துக்கும் விழாது.

இதைத் தடுக்க ஒரே ஒரு சின்னச் சேர்க்கை போதும். இறந்தோர் பட்டியலுக்கு இறந்தோர் என்று மாற்றுப் பெயர் வைத்து, உள்ளே "இறந்தோர் புள்ளி ஓய்வூதிய எண்" என்று எழுத வேண்டும். அப்போது கணினி வெளியே போய்த் தேடாது. இறந்தோர் வீட்டுக்குள் மட்டும் தேடும், இல்லையென்றால் "அப்படி ஒரு கலம் இல்லை" என்று அந்த இடத்திலேயே கையை விரித்துவிடும். ஒரு புள்ளியும் ஒரு சொல்லும். அது இருந்தால் கட்டளை நின்றுவிடும். இல்லாவிட்டால் நாம் எல்லாரும் மாதக் கடைசியில் பேங்க் வாசலில் நிற்போம்.

நம் வருவாய்த் துறைக்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் முன்னோடி. சர்வே எண் 125-இல் உட்பிரிவு 2 என்றால் அது எந்த நிலம்? கிராமத்துக்குக் கிராமம் ஒரு 125 இருக்கும். அதனால்தான் கிரையப் பத்திரத்தில் ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுப் பிறகுதான் சர்வே எண்ணுக்கு வருவார்கள். இப்போது இணையத்தில் பட்டா, சிட்டா எடுக்கப்போனாலும் மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் தேர்ந்தெடுத்த பிறகுதான் எண்ணைக் கேட்கிறது. பக்கத்து நிலத்தில் உங்கள் பெயர் ஏறாமல் இருப்பது அந்த முன்னொட்டின் புண்ணியத்தில்தான்.

அஞ்சல் துறையும் அப்படித்தான். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தது அதற்கான காரணங்களில் ஒன்று. 636102 என்று எழுதிவிட்டால் கடிதம் தாமிரபரணிப் பக்கம் போகாது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும், பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மாற்றுப் பெயர் சரியாக வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. தேர்தல் முடிவு அட்டவணை ஒன்று, வாக்காளர் எண்ணிக்கை அட்டவணை ஒன்று. இரண்டையும் தொகுதியின் தமிழ்ப் பெயரை மட்டும் வைத்துச் சேர்த்தால், எவ்வளவு அழகாக மாற்றுப் பெயர் வைத்தாலும் ஆத்தூருக்கு நான்கு வரிகள் வரும். இந்த முடிவோடு இரண்டு எண்ணிக்கை, அந்த முடிவோடு இரண்டு எண்ணிக்கை. அங்கே வேண்டியது தொகுதி எண், 82-ஆ 129-ஆ என்பது. எந்தப் பதிவேட்டின் கலம் என்று காட்டத்தான் மாற்றுப் பெயர். எந்த ஆள் என்று காட்ட அடையாள எண் வேண்டும்.

சரி, வேஷம் எதுவும் இல்லாத சாதாரண அட்டவணைக்கு என்ன பெயர் வைப்பது? எனக்கு ரயில்வேக்காரர்கள் வழி பிடிக்கும். சேலத்துக்கு எஸ்.ஏ., ஈரோட்டுக்கு ஈ.டி., விருத்தாசலத்துக்கு வி.ஆர்.ஐ. பார்த்தவுடன் ஊர் ஞாபகத்துக்கு வருகிறது. சென்னை சென்ட்ரலுக்கு இன்றைக்கும் எம்.ஏ.எஸ்.தான். மெட்ராஸ் சென்னையானது, நிலையத்தின் பெயர் 2019-ல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் என்று நீண்டது, குறியீடு அசையவில்லை. அதுபோல உறுப்பினருக்கு உறு, கடனுக்குக் கடன், தவணைக்குத் தவ. ஒரு க்வெரியில் உறு என்றால் எல்லா க்வெரியிலும் உறு. இந்த ஒழுங்கு இருந்திருந்தால் அந்த நோட்டீஸ் வெட்டி ஒட்டியபோதுகூட ஆள் மாறியிருக்க மாட்டார்.

மாற்றுப் பெயரே கூடாது, அட்டவணையின் முழுப் பெயரையே ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. என் நண்பர் ஒருவர், என்னைவிட நல்ல நிரலாளர், கடைசி நாள்வரை அப்படித்தான் எழுதினார். "பேரு வச்சிருக்கிறது கூப்பிடறதுக்குத்தானேய்யா, அப்புறம் எதுக்கு இன்னொரு பேரு?" என்பார். அட்டவணைக்குக் கடன், தவணை என்று சின்னப் பெயராக இருந்தால் அவர் சொல்வது நியாயம்; நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அலுவலகங்களில் அட்டவணைக்கு வைக்கிற பெயர் எப்படி இருக்கும் தெரியுமா? துறை, பிரிவு, ஆண்டு, பதிவேடு என்று சேர்த்து ஒரு கல்யாணப் பத்திரிகை நீளத்துக்கு இருக்கும். அதை ஒரு கேள்விக்குள் முப்பது முறை எழுதினால் கேள்வி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். மணமகன் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் இன்னாரின் பேரனும் இன்னாரின் மகனுமான என்று ஆரம்பித்தால் தாலி கட்டுகிற நேரம் தப்பிவிடும். ஒருமுறை சொன்னால் போதும், பிறகு மணமகன்.

மென்பொருள் கருவிகள் தாமே எழுதுகிற க்வெரிகளில் டி0, டி1 என்று வருவதைக் காட்டி, "கம்ப்யூட்டரே இப்படித்தான் வைக்குது சார்" என்கிறார்கள். இயந்திரம் எழுதி இயந்திரம் படிப்பது அது. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அதைத் திருத்தப்போவது மனுஷன் என்றால் மனுஷனுக்குப் புரிகிற பெயர் வையுங்கள்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்குச் சில சில்லறைக் குறிப்புகள். மாற்றுப் பெயருக்கு முன்னால் "ஆஸ்" என்ற சொல்லைப் போடுவதா வேண்டாமா என்று கேட்பார்கள். பெரும்பாலான தரவுத்தளங்கள் போட்டாலும் ஏற்கும், போடாவிட்டாலும் ஏற்கும். ஆரக்கிள் மட்டும் அட்டவணைக்கு முன் அதைப் போட்டால் ஏற்றுக்கொள்ளாமல் தகராறு செய்யும். நான் ஆரக்கிளில் வளர்ந்தவன், அதனால் போடாமலேயே பழகிவிட்டேன். ஒருமுறை மாற்றுப் பெயர் வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்குள் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு காலத்தில் அப்படிக் கூப்பிட்டால், அதை இன்னோர் அட்டவணை என்று நினைத்துத் தானாகவே பட்டியலில் சேர்த்துக்கொண்டு, எல்லா வரியையும் எல்லா வரியோடும் பெருக்கி மலைபோல விடை கொடுக்கும். 2005-ல் வந்த 8.1 பதிப்பிலிருந்து அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். அடைப்புக்குறிக்குள் எழுதிய ஒரு கேள்வியையே அட்டவணைபோலப் பயன்படுத்தும்போது அதற்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்பது மைஎஸ்க்யூஎல்லில் கட்டாயம். போஸ்ட்கிரெஸ்ஸிலும் கட்டாயமாக இருந்தது. 2023-ல் வந்த 16-ஆம் பதிப்பில் தளர்த்திவிட்டார்கள். தளர்த்தியது எனக்கு உவப்பில்லை. பெயர் வைக்கச் சிரமமாக இருக்கிறது என்றால், உள்ளே என்ன எழுதியிருக்கிறோம் என்பதே நமக்குத் தெளிவாகவில்லை என்றுதான் அநேகமாக அர்த்தம்.

போஸ்ட்கிரெஸ்ஸில் இன்னொரு சௌகரியமும் உண்டு. மாற்றுப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். நான் ஓய்வுக்குப் பிறகுதான், மகன் வாங்கிக்கொடுத்த மடிக்கணினியில், கடன்தாரர் என்றும் ஜாமீன்தாரர் என்றும் தமிழ் எழுத்தில் அடித்துப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் விடை கொடுத்தது. சர்வீஸில் இருந்த நாளில் இது செய்ய முடிந்திருந்தால் எத்தனை எழுத்தர்களுக்கு நிரலைக் காட்டி "இது சரியா பாருங்க" என்று கேட்டிருக்கலாம்!

நோட்டீஸ் விவகாரத்தில், அந்த இளைஞர் க்வெரியைத் திருத்தி, புது நோட்டீஸ் அச்சடித்து, சங்கத்துச் செயலாளரிடம் பேசி, முதலில் போனது தவறு என்று ஒரு கடிதமும் எல்லாருக்கும் அனுப்ப வைத்தார். பெரியவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதே டீக்கடைக்குப் போய், அன்றைக்கு நோட்டீஸைப் பார்த்த நாலு பேரையும் உட்காரவைத்து, ஒருவரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார். வரன் விஷயம் தடைபடவில்லை. பங்காளி மகனோடு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை, அதற்கு எஸ்.க்யூ.எல். பொறுப்பாகாது.